மழைக்கு வைத்துக்கொள்வோம்

ஓடைக்கரை உப்பளத்தில் மழை நின்றுபோனது சேர்மக்கனியின் மகள் சந்தனமாரி உட்காரக் கற்றுக்கொண்ட ஐப்பசியில்தான் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் வலிய வந்து சொல்வார்கள். பிறந்தபோதே அந்தப் பிள்ளைக்குக் கண்கள் சரியாகத் திறக்கவில்லை. இமைகள் நீளத்திலும் அகலத்திலும் குறைந்து பாதிக் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தன, மூக்கோரத்தில் கீழிமையிலிருந்து ஒரு தோல்மடிப்பு மேலேறிக் கண்ணின் மூலையை மறைத்தது, இரண்டு கண்களுக்கும் நடுவே இடம் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. "அப்பனை உரிச்சு வெச்சிருக்கு" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடித்துப் போனார்கள், ஏனென்றால் சேர்மக்கனிக்கும் அதே கண்கள்தான், ஊரில் அவனுக்குத் 'தூங்கி' என்றுதான் பெயர். இமைக்கு அடியில் மிச்சமிருந்த அந்தக் கொஞ்சூண்டு சந்து வழியாக உலகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்ததால் பிள்ளை புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாடியைத் தூக்கிக்கொள்ளப் பழகினாள்.

அப்படி அவள் அளத்து வரப்பில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைத் தேடி நாடியைத் தூக்கிய ஒரு மதியம், கிழக்கே கடலிலிருந்து கறுத்துக்கொண்டு வந்த மேகம் உப்பளத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. நின்றது நின்றதுதான். பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. அளத்துக்கு வெளியே தார் ரோட்டில் மழை சாத்து சாத்தென்று சாத்தியது, பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் குடை பிடித்தபடி நடந்துவந்து எல்லைக் கல்லைத் தாண்டியதும் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏதோ பேச்சை விட்ட இடத்தில் பிடித்துப் பேசியபடியே வீட்டுக்குப் போனார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சுயம்புலிங்கம் கங்காணி. பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்று தாய் தங்கபுஷ்பம் அவளைத் தன் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிப் போன அன்று அளத்தில் பேய்மழை கொட்டியதையும், இரண்டு பேரும் திரும்பிவந்து எல்லைக் கல்லைத் தாண்டிய நிமிஷமே அது கப்சிப் என்று அடங்கியதையும், போன இடத்தில் அண்ணன் வீட்டு முற்றம் மட்டும் காய்ந்து கிடந்ததையும் அவர் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். மறுநாளே பனைநாரில் ஒரு குட்டி நாற்காலி முடையச் சொல்லி, உப்பு அம்பாரத்தின் உச்சியில் பலகை போட்டு, அதன்மேல் நாற்காலியை வைத்து, பிள்ளையைத் தூக்கி உட்கார்த்திவிட்டார். அவள் உறங்கினால் மேகமும் உறங்கியது, விழித்து நாடியைத் தூக்கினால் மேகமும் விழித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருந்த மாதிரித் தெரியவில்லை. சில வீடுகளில் மாடு பால் கூடக் கறக்கும், சில வீடுகளில் பிள்ளை மழையைப் பிடிக்கும், அவ்வளவுதான். அளத்து முதலாளி வீட்டிலிருந்து பாலும் முட்டையும் வந்தன.

வருஷம் முழுக்க வேலை என்றதும் ஊர் முதலில் குதித்தது. உப்பளக்காரனுக்கு மழை என்றால் அடுப்பு அணைகிற காலம், கார்த்திகையில் அரை வயிறு, மார்கழியில் கால் வயிறு என்று காலங்காலமாகக் கிடந்தவர்கள் அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாளும் பாத்தியில் இறங்கி உப்பு வாரினார்கள். ஆனால் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதுவானாலும் "மழைக்கு வெச்சுக்குவோம்" என்பார்கள். கல்யாணம் மழைக்கு, காதுகுத்து மழைக்கு, கூரை மாற்றுவது மழைக்கு, பல் பிடுங்குவது மழைக்கு, அண்ணன் தம்பி சண்டையைப் பேசித் தீர்ப்பதுகூட மழைக்கு. வேலை நாளில் ஒருத்தன் தன் காரியத்தைப் பார்த்தான் என்றால் அவனைப் போல மானங்கெட்டவன் இல்லை. உப்புத் தண்ணீரில் வெடித்த கால்கள் ஆறுவதும் அந்த மழை மாதங்களில்தான். இப்போது மழையே இல்லை என்று ஆனதும் எல்லாக் காரியமும் அந்தரத்தில் நின்றது. பாக்கியத்தாயின் மகன் லிங்கதுரைக்கு நிச்சயம் பண்ணிய பெண் இன்றைக்கோ நாளைக்கோ என்று காத்திருந்து காத்திருந்து முகம் வாடிப்போனாள். கால் வெடிப்புகள் புண்ணாகி, புண்கள் குழியாகின. பெண்கள் பாத்தியில் நிற்கும்போதே அண்ணாந்து மேகத்தைப் பார்ப்பார்கள், பிறகு அம்பாரத்தின் உச்சியில் அதே மாதிரி அண்ணாந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொள்வார்கள்.

தங்கபுஷ்பம்தான் முதலில் பயந்தாள். பிள்ளை வளர்ந்து மூன்று வயதை எட்டியபோது, விளையாட்டில் அவளுடைய வலது கண்ணை யாராவது பொத்தினால் சுள்ளென்று கோபப்பட்டுக் கையைத் தட்டிவிடுவதையும், இடது கண்ணைப் பொத்தினால் சும்மா சிரிப்பதையும் அவள் கவனித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல், புருஷனை மட்டும் இழுத்துக்கொண்டு, டவுனில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பிறவியிலேயே இமை குறுகலா இருக்கு. அதைத் தூக்குற தசைக்கும் பலம் இல்ல. பரம்பரையா வர்றதுதான், யார் செஞ்ச தப்பும் கிடையாது," என்றாள் டாக்டரம்மா. "கண்ணுக்குள்ள கோளாறு ஒண்ணும் இல்ல. ஆனா பார்க்கிறதுக்குக் கண்ணு மட்டும் போதாதும்மா, மூளையும் சேர்ந்து கத்துக்கணும். இடது கண்ணை இமை ரொம்ப மறைக்குது, அதனால அந்தக் கண்ணு சொல்றதை மூளை கேட்காமலே விட்டுடுது. இப்ப இமையைத் தூக்கித் தைச்சா கத்துக்கும். மூக்கோரத்து மடிப்பை இன்னொரு தடவையா சரி பண்ணிக்கலாம். பள்ளிக்கூடம் போற வயசு தாண்டவிட்டா, பிறகு இமையை எவ்வளவு தூக்கினாலும் அந்தக் கண்ணுக்குப் பிரயோஜனம் இல்ல." பெண்பிள்ளைகளுக்கு இந்தக் குறை சில சமயம் பிள்ளைப்பேற்றையும் பாதிக்கும் என்பதால் பெரியவளாகும் வயதில் வேறொரு டாக்டரிடமும் காட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். தங்கபுஷ்பம் அதை முடிந்துவைத்துக்கொண்டாள், அன்றைக்கு அழ அவளுக்கு நேரமில்லை.

"எனக்கும் இதே கண்ணுதானம்மா," என்றான் சேர்மக்கனி, கொஞ்சம் ரோஷத்தோடு. "நான் பாக்கலியா? உப்பு வாரலியா? கல்யாணம் கட்டலியா?"

டாக்டரம்மா அவனை நாற்காலியில் உட்காரவைத்து வலது கண்ணை ஒரு கறுப்பு மூடியால் மூடினாள். எதிரே இருக்கிற பலகையில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். சேர்மக்கனி நாடியைத் தூக்கினான், இறக்கினான், பக்கவாட்டில் சாய்த்தான்.

"பலகையை எங்க எடுத்திட்டீய?" என்றான்.

பலகை இருந்த இடத்தில்தான் இருந்தது. அவனுக்கு அது தெரியாமலேயே அத்தனை வருஷமும் ஒற்றைக் கண்ணால் வாழ்ந்திருக்கிறான். சின்ன வயதில் அவனும் மகளைப் போல நாடியைத் தூக்கித்தான் பார்த்தான். பழைய முதலாளி அளம் பார்க்க வந்த ஒரு நாள், எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு நிற்க இவன் மட்டும் அண்ணாந்து பார்த்தான் என்று, முதலாளி கையை ஓங்குவதற்குள் பெற்ற அப்பனே முந்திக்கொண்டு கன்னத்தில் அறைந்தார். அடிக்குத் தப்ப வைக்கிற அடி அது. அன்றிலிருந்து அவன் தரையைத்தான் பார்த்தான். உப்பு வாருகிறவன் தரையைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? இறங்கிக் கிடந்த இமைக்குப் பின்னால் இடது கண் ஒன்றையும் கற்காமலே முதிர்ந்துபோனது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் வலது கண்ணைப் பொத்துவதும் எடுப்பதுமாக வந்தான். மடியில் கிடந்த மகள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துத் தானும் செய்தாள். அதைப் பார்த்ததும் அவன் கையை இறக்கிவிட்டான்.

அன்று அரை நாள் அளத்தில் கொட்டிய மழைக்குக் காரணம் கேட்டு ஊர் கூடியது. ஆபரேஷன் வேண்டாம் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், காலைத் தாங்கித் தாங்கி வந்த குண்டுப் பாக்கியத்தாய் பிள்ளையின் தலையைத் தடவிக் கண் கலங்கினாள்.

"பொம்பளப் பிள்ள. கண்ணு முக்கியமில்லா?" என்றார் சுயம்புலிங்கம் கங்காணி. "கண்டிப்பா செஞ்சிருவோம். மழைக்கு வெச்சுக்குவோம்."

"மழைக்கு வெச்சுக்குவோம்," என்று ஊரும் ஒரே குரலில் சொன்னது, நிம்மதியாக.

"மழை எங்கேருந்து அண்ணாச்சி வரும்?" என்றாள் தங்கபுஷ்பம். "இவதான பிடிச்சு வெச்சிருக்கா?"

 அவள் கேட்டது எல்லோருக்கும் புரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் புரிந்ததைப் புரியாததாக வைத்துக்கொள்ள ஒரு ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வெற்றிலை போடுகிற நேரம். பிறகு எல்லோரும் சேர்மக்கனியைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். ஆட்டியது அவன்தான், வேறு யாரும் அவன் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை. தங்கபுஷ்பம் அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் கிடையாது. அடுத்த ஐப்பசி வந்தது, மேகம் வந்து பழைய மேகத்தின்மேல் ஏறி நின்றது. அதற்கடுத்த ஐப்பசியிலும் அப்படியே. மேகத்தின்மேல் மேகம் அடுக்கி அளத்தில் பகலிலேயே விளக்கு வேண்டியிருந்தது, என்றாலும் வெயில் பக்கவாட்டில் எப்படியோ நுழைந்து உப்பைக் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தது. கங்காணியிடம் அரை நாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா பிள்ளையின் இடது கண்ணை மட்டும் சோதித்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று கோபத்தோடு கேட்டாள். பலகையில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் அந்தக் கண்ணுக்கு மிச்சமிருந்தன. இந்த மாதத்தை விட்டால் தன்னைத் தேடி வர வேண்டாம் என்றும் சொன்னாள்.

சேர்மக்கனி நேராகக் கங்காணி வீட்டுக்குப் போனான். "எனக்கும் அதே கண்ணுதான அண்ணாச்சி. பிள்ளையை விடுங்க. அவ திரும்புற வரைக்கும் நான் ஏறி நிக்கேன்."

கங்காணி முதலாளியிடம் போனார், முதலாளி யோசித்தார், சரி என்றார். தங்கபுஷ்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் புறப்பட, சேர்மக்கனி அம்பாரத்தின் உச்சியில் ஏறி நின்று, அறைவாங்கிய நாளுக்குப் பிறகு அளத்தில் முதல்முறையாக நாடியைத் தூக்கினான். கழுத்து நரம்பெல்லாம் இழுத்தது. கீழே ஊரே திரண்டு நின்றது. தாயும் பிள்ளையும் எல்லைக் கல்லைத் தாண்டினார்கள். மேகம் ஒரு தரம் உறுமியது, பிறகு மூச்சைப் பிடித்தது.

"நிக்கு! நிக்கு!" என்று லிங்கதுரை கத்தினான்.

அவன் கத்தி முடிப்பதற்குள் அளத்தின் ஒரு பாதியில் மழை இறங்கியது. சேர்மக்கனியின் மூக்குக்கு நேராக வானத்திலிருந்து தரை வரைக்கும் கோடு கிழித்த மாதிரி, வலது பக்கம் சொட்டு இல்லை, இடது பக்கம் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. இடது பக்கத்துப் பாத்திகள் நிறைந்து வழிந்தன, அம்பாரங்கள் கரைந்து பால் மாதிரி ஓடையில் கலந்தன. சேர்மக்கனிக்கு மழையின் சத்தம் கேட்டது, மழை தெரியவில்லை. எங்கே பெய்கிறது என்று பார்க்க இடது பக்கம் திரும்பினான், திரும்பத் திரும்ப மழை அவனுக்கு முன்னால் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது. உடனே வலது பக்கத்து ஆட்கள் "ஏலே, திரும்பாதலே!" என்று அலறினார்கள், இடது பக்கத்து ஆட்கள் "இங்கிட்டுத் திரும்புலே!" என்று அலறினார்கள். ஆட்களை ஏற்றி அவனைத் தோளைப் பிடித்து இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள். மதியத்துக்குள் இரண்டு பாதியும் பாதி பாதி கரைந்திருந்தது.

அந்தக் களேபரத்தில் பாக்கியத்தாய் மட்டும் கத்தாமல் அண்ணாந்து அந்த மழை விளிம்பையே பார்த்தாள். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய கோடு கிழித்துக் காட்டினால் யாருக்குத்தான் தெரியாது? "இவ்வளவா இவனுக்குத் தெரியாம இருந்துச்சு?" என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "பாதி அளமா?" பக்கத்திலிருந்தவள் "இங்கிட்டுத் திரும்புலே!" என்று கத்திக்கொண்டிருந்தாள், அவளுடைய உப்பு அப்போது இடது பக்கத்தில் இருந்தது.

பொழுது சாயும் முன்னே கங்காணியின் செல்போன் அடித்தது. தங்கபுஷ்பம்தான். கங்காணி போனை மேலே எட்டி நீட்ட, சேர்மக்கனி அண்ணாந்தபடியே காதில் வைத்தான். "முடிஞ்சிட்டு. ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்காவ. தண்ணி கேட்டா, குடுத்தேன்," என்றாள் அவள். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. சேர்மக்கனி போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு நாடியை மெல்ல இறக்கினான். கங்காணி "டேய்! டேய்!" என்று கத்தியது அவனுக்குக் கேட்கவே செய்தது, இருந்தும் இறக்கினான். பிடித்துவைத்திருந்த அத்தனை ஐப்பசி மழையும் ஒன்றாக இறங்கி அளத்தை மூடியது. அவன் அந்த மழையிலேயே நடந்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஊர் அன்று இரவு முழுக்க உப்புக்காக அழுதது. மறுநாள் அவனைத் திட்டிக்கொண்டே கல்யாண வீடுகளின் உள்சுவருக்கு வெள்ளை அடித்தது. வேறென்ன செய்யும், கையில் வேலை இல்லை, காத்துக்கிடந்த கல்யாணங்கள் வரிசை கட்டி நின்றன. லிங்கதுரை தாலி கட்டினான், கொட்டுகிற மழையில் சீர்வரிசை நனைந்தது, பல்வலிக்காரர்கள் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள், கால் வெடிப்புகள் ஆறின. தை பிறந்தது, எல்லாக் காரியமும் தீர்ந்தது. மழை மட்டும் தீரவில்லை. பொங்கலுக்குப் பெய்தது, மாசிக்கும் பெய்தது. பாத்தி கட்ட வேண்டிய நாளில் அளம் குளமாகக் கிடந்தது. அரை வயிறு கால் வயிறானது, கால் வயிறும் போனது. கல்யாணச் சாப்பாட்டில் மறந்திருந்த கோபம் இப்போது பசியோடு சேர்ந்து திரும்பி வந்தது.

சந்தனமாரி தையல் பிரித்து, ஊருக்குத் திரும்பியிருந்தாள், அவள் எல்லைக் கல்லைத் தாண்டியும் மழை நிற்கவில்லை, இப்போது அவள் நாடியைத் தூக்குவதில்லை. இமைகள் உயர்ந்து கண்கள் வெளியே தெரிந்தன, எதையோ பார்த்துக் கொஞ்சம் அசந்துபோன மாதிரியான கண்கள். உறங்கும்போதும் முழுக்க மூடாது, தங்கபுஷ்பம் படுக்குமுன் களிம்பு தடவிவிடுவாள். இடது கண் வேலை செய்தே ஆக வேண்டும் என்று வலது கண்ணைப் பகலில் சில மணி நேரம் பிளாஸ்திரி போட்டு மூடச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. முதல் நாட்களில் பிள்ளை பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்து, கதவில் முட்டி, கிண்ணத்தைத் தட்டிவிட்டு, "அப்பா, இருட்டா இருக்கு" என்று அழுதாள். சேர்மக்கனி அதைக் கேட்க மாட்டாமல் வெளியே போய் நின்றுகொள்வான். இந்தக் கண்ணும் தன் கண்ணைப் போலப் போய்விட்டதோ, தலையாட்டிய அந்த ஒரு தரத்துக்குப் பிள்ளை ஆயுசுக்கும் அனுபவிக்கப் போகிறாளோ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மேலே பார்க்கவும் பிடிக்கவில்லை, கீழே பார்க்கவும் பிடிக்கவில்லை.

ஒரு காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த சந்தனமாரி, "அப்பா, ஆளுக வாராவ," என்றாள்.

சேர்மக்கனி எட்டிப் பார்த்தான். மழைதான் தெரிந்தது. அதற்குள் பேச்சுச் சத்தம் மாதிரி என்னமோ இருந்தது.

"எங்கட்டீ?"

"அந்தா, வரப்புல."

 எதற்கு வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? மறுபடியும் பிள்ளையைத் தூக்கிப் போய் உச்சியில் வைத்து, நாடியைத் தூக்கு தாயி, ஒரு மாசம் மட்டும், பாத்தி கட்டி முடிக்கிற வரைக்கும் என்பார்கள்.

"கதவைச் சாத்துங்க," என்றாள் தங்கபுஷ்பம் உள்ளேயிருந்து. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலோடு எழுந்து வந்துவிட்டாள்.

அவன் சாத்தவில்லை. படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "யாரு யாருன்னு தெரியுதா?"

பிளாஸ்திரி போட்டிருக்கும்போது இத்தனை நாளும் ஆட்களைக் குரலை வைத்து மட்டுமே தெரிந்துகொண்ட பிள்ளை அது. அவள் தலையைச் சாய்க்கவில்லை, நாடியைத் தூக்கவில்லை, நேரே பார்த்தாள். "முன்னால வெள்ளத் துண்டு போட்டுக்கிட்டு ஒரு தாத்தா. கங்காணி தாத்தாவா? பொறவு மீச வெச்ச மாமா. மீசயத் தடவுதாவ. புதுச் சேலை கட்டின அக்கா. கடேசில குண்டு ஆச்சி, காலத் தாங்கித் தாங்கி வாராவ."

"மூஞ்சி தெரியுதா? மூஞ்சி எப்படி இருக்கு?"

"கோவமா இருக்காவ."

"எல்லாருமா?"

"தாத்தா ரொம்ப. மாமா கொஞ்சம். அந்த ஆச்சி மட்டும் அழுதுக்கிட்டே வாராவ."

தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து ஊதுகுழல் விழுந்தது. பேச்சுச் சத்தம் இப்போது நன்றாகவே கேட்டது, கங்காணியின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. சேர்மக்கனிக்குப் பயம் போகவில்லை, பயத்தோடேயே ஒரு சந்தோஷமும் வந்து சேர்ந்தது. அவன் மகளின் வலது கண் பிளாஸ்திரி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான், எங்கும் பிரியாமல் ஒட்டியிருந்தது.

"இந்த மழைல, அவ்வளவு தூரத்துல, அழுகையெல்லாம் எப்படிட்டீ தெரியும்?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியுதே," என்றாள் சந்தனமாரி.